தள்ளுகிறவர்களுக்கு மட்டும் இடம் உண்டு

போன வாரம் திங்கட்கிழமை காலை. மாத்தளைக் கடைத்தெருவில் கழுவித் துடைத்து, மாலை போட்டு, பொட்டு வைத்து நிறுத்தியிருந்த ஒரு டீசல் லாரி 'டிக்' என்றது.

அவ்வளவுதான். 'டிக்'. அதற்குமேல் அது வாயே திறக்கவில்லை.

லாரிக்கு முன்னால் தேயிலைத் தோட்டத்துத் துரை நின்றார். அவர் பக்கத்தில் லாரியின் சொந்தக்காரர் காளிமுத்து முதலாளி வேர்த்து விறுவிறுத்துப் போய் நின்றார். கொஞ்சம் தள்ளி, சுவரோரமாக, மூன்று பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றோம். அந்த மூவரில் ஒருவன் அடியேன்.

ஒரு மனிதர் தவித்துக்கொண்டிருக்கும்போது என்ன சிரிப்பு என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி. ஆனால் நீங்கள் எப்போதாவது லாரி தள்ளியிருக்கிறீர்களா... அதை முதலில் சொல்லுங்கள்.

நான் தினமும் தள்ளுகிறேன்.

நான் படிப்பிக்கும் தோட்டப் பள்ளிக்கூடம் மலைமேல் இருக்கிறது. குடியிருப்பது டவுனில். இரண்டுக்கும் நடுவே பஸ் கிடையாது. இருப்பது இரண்டே வாகனம் — என் கால்கள், காளிமுத்து முதலாளியின் லாரி. லாரி காலையில் அரிசி மூட்டைகளோடு தோட்டத்துக்கு ஏறும். பிற்பகலில் தேயிலைப் பெட்டிகளோடு இறங்கி, கூட்ஸ் ரயிலைப் பிடிக்க ஸ்டேஷனுக்கு ஓடும்.

ஓடும் என்று சொன்னேன் இல்லையா? அதில்தான் விஷயம். டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சின் மாதிரி கேட்டவுடன் இரங்கிவிடுகிற ஜாதி அல்ல. அதைச் சுழற்றி எழுப்ப பேட்டரிக்கு நல்ல தெம்பு வேண்டும். முதலாளியின் பழைய பேட்டரியின் தலை வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. அதிலிருந்து புறப்பட்ட கேபிளோ, மூன்று இடத்தில் துணி சுற்றி, ஓரிடத்தில் தும்புக் கயிற்றால் கட்டிய நோஞ்சான் கேபிள். கைப்பிடி போட்டுச் சுற்றலாமே என்பீர்கள். சுற்றினார் டிரைவர் பிரான்சிஸ். எஞ்சின் திருப்பி ஒரு உதை உதைத்தது. அவர் மணிக்கட்டு மாம்பழம் மாதிரி வீங்கியதுதான் மிச்சம்.

மலைநாட்டில் எல்லா லாரிக்காரர்களும் செய்கிறபடி இறக்கத்தில் நிறுத்திவைக்கலாம். அதையும் முதலாளி ஒருமுறை செய்து பார்த்தார். லாரி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் தானாக இறங்கிப்போய் ஒரு வாழைப்பழக் கடைக்குள் நுழைந்தது. அன்றிலிருந்து அது அவருடைய கடை வாசலில்தான் நிற்கும். அந்த இடத்தில் தெரு பலகை மாதிரி சமம்.

ஆகவே, தள்ள ஆள் வேண்டும். கூலி கொடுத்து ஆள் வைக்க முதலாளிக்கு மனம் வரவில்லை. அவர் ஒரு சட்டம் போட்டார்: "தள்ளுறவங்களுக்கு மட்டும் வண்டியில இடம் உண்டு."

அந்தச் சட்டத்தின்கீழ் இடம் பெற்றவர்கள் மூன்று பேர். ஒன்று நான். இரண்டாவது ஹமீது நானா. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்ச் சேலைத்துணி விற்கிறவர். முதுகில் எப்போதும் ஒரு துணி மூட்டை இருக்கும். மூன்றாவது அங்கம்மா அக்கா. வெற்றிலை பாக்குக் கூடையோடு தோட்டத்துக்குப் போகிறவர். அக்காவுக்கு முழங்கால் வலி, தள்ளமாட்டார். ஆனால் லாரியின் பக்கத்திலேயே நடந்து, "இன்னொரு கை போடுங்கய்யா! சோறு திங்கலையா?" என்று சத்தம் போடுவார். சத்தமும் தள்ளுகிற கணக்கில் சேரும் என்பது அக்காவின் கட்சி. எதிர்த்துப் பேச யாருக்கும் தைரியம் இல்லை.

இப்படி லாரி சில நாள் நேரத்துக்குப் போகும். பல நாள் போகாது. காலையில் பிந்தினால் மாலையிலும் பிந்தும். கூட்ஸ் ரயில் போனபிறகு தேயிலைப் பெட்டிகள் ஸ்டேஷனில் அநாதைகளாகக் கிடக்கும்.

ஒருநாள் காலை துரையின் கார் அந்தப் பக்கம் வந்தது. நாங்கள் லாரியின் பின்னால் முதுகு கொடுத்து முக்கிக்கொண்டிருந்தோம். துரை காரை நிறுத்தினார். துரைக்குத் தமிழ் தெரியும். தோட்டத்துத் தமிழ். அதில் 'நீங்க' என்ற சொல்லே கிடையாது.

"காளிமுத்து! இது லாரியா, சாமி தேரா? எல்லா ஆளும் சேந்து தள்ளுது!"

முதலாளி தலையைச் சொறிந்தார்.

"அடுத்த திங்கக்கிழமை காலம்பற நான் இங்க வருவான். லாரி சொந்தமா ஸ்டார்ட் வந்தா, தேயிலை உனக்கு. வரலேன்னா, கண்டியில இருந்து வேற லாரி. சரி?"

முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. அவரிடம் இருப்பது ஒரே லாரி. அந்த லாரிக்கு இருப்பது ஒரே தோட்டம். தேயிலை போய்விட்டால் லாரியை விற்றுவிட்டு, தராசைத் தூக்கிக்கொண்டு பழையபடி மிளகாய் நிறுக்க உட்காரவேண்டியதுதான். அவர் அதைச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு மலையேறும்வரை ஒரு பாட்டுக்கூடப் பாடாமல் வந்தார். அவர் பாடாமல் வந்த நாள் அது ஒன்றுதான்.

மறுநாளே கண்டிக்கு ரயிலேறினார். இரண்டு புதுப் பேட்டரிகளோடு திரும்பினார். கருகருவென்று, ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டி கனம். பெருவிரல் தடிப்புக்குச் செம்புக் கேபிளும் வந்தது. கேபிள் வாங்க வைத்தது பிரான்சிஸ்தான். வஹகோட்டைக்காரர், வாரம் தவறாமல் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கர், அதிகம் பேசமாட்டார். கண்டிக்குப் புறப்படும் முன்பே முதலாளியைப் பிடித்துச் சொல்லியிருக்கிறார்:

"மொதலாளி, பேட்டரி மட்டும் மாத்தி வேலையில்ல. கேபிள் மெல்லிசுன்னா கரண்ட் எப்படிப் போகும்? தண்ணித் தாங்கி பெருசு, பீலிக் குழாய் சின்னதுன்னா தண்ணி சொட்டுச் சொட்டாத்தானே வரும்?"

வியாழக்கிழமை மாலை பழையதெல்லாம் கழன்றது. லாரியின் ஏறுபடிக்குக் கீழே மரப்பெட்டி அடித்து, இரண்டு பேட்டரியையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தார் பிரான்சிஸ். பேட்டரியின் தலையில் ஈயக் கொம்புகள் துருத்திக்கொண்டிருக்கும் அல்லவா? அவற்றில் கேபிளின் கிளாம்பை மாட்டி முறுக்கினார். ஏறி உட்கார்ந்து பொத்தானை அமுக்கினார்.

கேட்கவேண்டுமே அந்தச் சத்தத்தை! ஒரே அமுக்கு. கடைத்தெருவே அதிர்ந்தது. காக்கைகள் எழுந்து பறந்தன. முதலாளி சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினார்.

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "மாஸ்டர், இனி உங்களுக்கெல்லாம் சிரமம் இல்ல."

"ரொம்ப சந்தோஷம் முதலாளி," என்றேன்.

"தள்ள வேலை இல்ல. அதனால..." என்று இழுத்தார். "சட்டம்னா சட்டம்தானே? தள்ளுறவங்களுக்குத்தானே இடம்?"

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். விஞ்ஞானம் வளர்ந்தால் மனிதகுலத்துக்கு நன்மை என்று வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அந்த நன்மை மலைமேல் நடந்து போகவேண்டிய நன்மை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பூஜை. புதுச் சாமான் வந்தால் பொட்டு வைக்காமல் முதலாளி தொடமாட்டார். தராசு வாங்கினாலும் பொட்டு, பூட்டு வாங்கினாலும் பொட்டு. அவ்வளவு பெரிய பேட்டரிக்கு வைக்காமல் விடுவாரா? கிளாம்புகளையெல்லாம் கழற்றச் சொன்னார். தானே உரைத்த சந்தனத்தை, கஞ்சத்தனம் பார்க்காமல், நான்கு கொம்புகளிலும் அப்பினார். உச்சியில் குங்குமம். பார்ப்பதற்குப் பேட்டரி, சீர்வரிசைத் தட்டு மாதிரி லட்சணமாக இருந்தது. நான்கூட "அழகா இருக்கு முதலாளி" என்றேன்.

"இப்ப கேபிளை மாட்டு பிரான்சிஸ். சந்தனம் கலையாம மாட்டு. ஸ்டார்ட் பண்ண வேண்டாம். திங்கக்கிழமை காலையிலதான் நல்ல நேரம்."

பிரான்சிஸ் முதலாளியைப் பார்த்தார். ஹமீது நானாவைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை. கேபிளை மாட்டினார். எதற்காக அப்படிப் பார்த்தார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை நாங்கள் மூவரும் வந்து நின்றோம். இடம் இல்லையென்று தெரிந்தும் ஏன் வந்தோம்? மனதில் இருந்ததை மறைப்பானேன்... அது ஸ்டார்ட் ஆகாமல் போகட்டும் என்று ஒரு சின்ன ஆசை. அங்கம்மா அக்கா மட்டும் வாய்விட்டே சொன்னார்: "நேத்து ராத்திரி பூரா முழங்காலு வலி மாஸ்டர். அந்த மலையில நான் எப்படி நடப்பேன்?"

துரையின் கார் வந்தது. முதலாளி தேங்காய் உடைத்தார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். சூடம் காட்டினார். பிரான்சிஸ் கழுத்தில் தொங்கிய மாதா சுரூபத்தை முத்தமிட்டுக்கொண்டு பொத்தானை அமுக்கினார்.

'டிக்.'

நாங்கள் சுவரோரம் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டது இந்த இடத்தில்தான்.

மறுபடியும் அமுக்கினார். 'டிக்.' துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முதலாளி எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது.

"நீங்கதானே? உங்க வேலைதானே? ஏறி உக்காந்துக்கிட்டுப் போற இடம் போகுதேன்னு என்னமோ பண்ணிட்டீங்க! மாஸ்டர், படிச்ச மனுசன் நீங்க... என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே!"

நாங்கள் லாரியைத் தொடவில்லை என்று சத்தியம் செய்யலாம். கெட்டுப்போகட்டும் என்று நினைக்கவில்லை என்று சத்தியம் செய்ய முடியுமா?

துரை காரின் கதவைத் திறந்தார். அப்போது பிரான்சிஸ் லாரியிலிருந்து குதித்து இறங்கி, நேரே ஹமீது நானாவிடம் போனார். "நானா, நீங்க சொல்லுங்க."

"நானா? நீ சொல்லு!"

"நான் சொல்ல மாட்டேன். நீங்க பெரியவரு."

"நான் எப்படிச் சொல்ற? எனக்கு ஏலாது!"

"என்னத்தய்யா சொல்றது?" என்று அங்கம்மா அக்கா கூடையை இறக்கிவைத்துவிட்டு நடுவில் புகுந்தார். அந்தக் குரலுக்கு முன்னால் யார் வாயும் மூடியிருக்காது.

பிரான்சிஸ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அனே... ஐயோ அக்கா, அந்தச் சந்தனம்தான். மூணு நாள் காஞ்சு ஓடு மாதிரி ஆயிருக்கும். கொம்புக்கும் கிளாம்புக்கும் நடுவுல அது இருந்தா கரண்ட் எப்படிப் போகும்?"

"அட பாவி! வெள்ளிக்கெழமையே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"சொல்றதுக்கென்ன?"

"அது உங்க சாமிக்கு வெச்சது. நான் வேதக்காரன். நான் எப்படித் தொடைன்னு சொல்றது? மொதலாளி மனசு நோகாதா? அதுதான் நானாகிட்டச் சொன்னேன்."

ஹமீது நானா மூட்டையை இன்னொரு தோளுக்கு மாற்றினார். "ஒரு முஸ்லிம் வந்து சந்தனத்தத் தொடைங்கன்னு சொன்னா நல்லாவா ஈக்கும்? இத்தனை காலமா ஒண்ணா ஈக்கிறோம். ஒரு பேட்டரிக்காகக் கெடுத்துக்கொள்றதா?"

"அப்போ என்னிடம் சொல்லியிருக்கலாமே?" என்றேன் நான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் சொல்லியிருப்பேனே முதலாளியிடம்!"

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்: "நீங்க பேப்பர்ல போட்டுருவீங்க மாஸ்டர்!"

பேப்பருக்கு எழுதுகிறவன் என்பதால் இப்படி ஒரு நல்ல பெயர் ஊரில் எனக்கு.

துரைக்கு இந்தப் பேச்சு பாதிதான் புரிந்தது. "என்னா? என்னா?" என்றார். முதலாளி பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். கையை நீட்டினார்... இழுத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார், மறுபடி இழுத்துக்கொண்டார். தன் கையால் வைத்ததைத் தன் கையால் துடைக்க அந்த மனிதரால் முடியவில்லை.

அங்கம்மா அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். "கழட்டு பிரான்சிஸ்," என்றார். கிளாம்புகள் கழன்றன. முந்தானையை எடுத்தார். முதலில் கொஞ்சம் சந்தனத்தைச் சுரண்டித் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். முதலாளி நெற்றியிலும் ஒரு தீற்று. அப்புறம் நான்கு கொம்புகளையும் பாத்திரம் விளக்குகிற மாதிரி தேய்த்துத் துடைத்தார்.

"அம்மன் கோவிச்சுக்க மாட்டா மொதலாளி. தொரைதான் கோவிச்சுக்குவாரு!"

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த லாரி ஸ்டார்ட் ஆனால் முதலில் நடக்கவேண்டியது அந்த முழங்கால்தான். அது அக்காவுக்குத் தெரியாதா? தெரிந்துதான் அப்படி அழுத்தித் தேய்த்தார். சுவரோரம் நின்று நான் பட்ட சின்ன ஆசையை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

பிரான்சிஸ் கிளாம்பை முறுக்கினார். பொத்தானை அமுக்கினார். கடைத்தெரு அதிர்ந்தது. காக்கைகள் பறந்தன. துரை, "ம்ம். நல்லது. தேயிலை உனக்கு," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார். அவருக்குப் புரிந்த பாதிக் கூத்தைத் துரைமார் கிளப்பில் போய் எப்படிச் சொன்னாரோ, அது அவருக்கே வெளிச்சம்.

அங்கம்மா அக்கா கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நானாவும் நானும் பின்னால் நடந்தோம்.

"எங்க போறீங்க?" முதலாளியின் குரல்.

"சட்டம்னா சட்டம்தானே மொதலாளி?" என்றார் அக்கா, திரும்பாமலே.

முதலாளி ஓடிவந்து கூடையைப் பிடித்துக்கொண்டார். "ஏறுங்க. எல்லாரும் ஏறுங்க. நான் ஒரு மடையன். ஆனா உங்கள்ல ரெண்டு பேரு மூணு நாளா என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு, தெரிஞ்சும் சொல்லாம இருந்தீங்க பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல. மரியாதை பாத்து, மரியாதை பாத்து, என் பொழப்பையே கவுத்திருப்பீங்க! இனி தள்ளுற வேலை இல்ல. சொல்லுற வேலை. என்கிட்ட என்ன தப்பு இருந்தாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லணும். சொல்றவங்களுக்கு மட்டும் வண்டியில இடம்."

உண்மைதான், யோசித்துப் பாருங்கள். சண்டை போட்டுக் கெட்டவர்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறோம். ஒருவர் மனம் நோகக்கூடாது என்று ஆளாளுக்கு வாயை மூடிக்கொண்டு கெட்டவர்கள் கணக்கில் வருவதில்லை. எங்கள் மாத்தளையில் மூன்று மார்க்கத்துக்காரர்களும் அன்பாகத்தான் இருக்கிறோம். அந்த அன்பு ஒரு லாரியை அசையவிடாமல் நிறுத்தும் அளவுக்குக் கெட்டி என்பதுதான் எங்களுக்கே தெரியாமல் இருந்தது.

அங்கம்மா அக்காவின் முந்தானையில் மறுநாளே பொத்தல் விழுந்தது. பேட்டரி ஆசிட் யார் சேலை என்று பார்க்குமா? முதலாளி புதுச் சேலை எடுத்துக் கொடுத்தார். ஹமீது நானாவின் மூட்டையிலிருந்துதான். நானாவின் முகத்தில் அன்று முழுக்கச் சிரிப்பு.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இதைப் பேப்பர்ல போட்டுறாதீங்க மாஸ்டர்," என்றார். போடவில்லை. அதாவது, அவர் பெயரைப் போடவில்லை. காளிமுத்து என்பது நான் வைத்த பெயர். மாத்தளை டவுனில் டீசல் லாரி ஒன்றே ஒன்றுதான் நிற்கிறது என்றால் அதற்கு நானா பொறுப்பு?

சரி, புதுச் சட்டம் என்ன ஆயிற்று?

செவ்வாய்க்கிழமை அக்கா ஆரம்பித்தார். "மொதலாளி, நீங்க வெத்தில துப்புறது பின்னால ஒக்காந்திருக்கிற எங்க மேல தெறிக்குது." முதலாளி ஏற்றுக்கொண்டார். "தராசுத் தட்டு ஒரு பக்கம் சாஞ்சிருக்குன்னு ஊரே சொல்லுது," என்றார் நானா. அதையும் விழுங்கிக்கொண்டார். புதன்கிழமை நான் அவருடைய இங்கிலீஷ் கையெழுத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னேன். நெளிந்தார். வியாழக்கிழமை, வாயே திறக்காத பிரான்சிஸ் வாயைத் திறந்தார்: "மொதலாளி பாடுறப்போ எனக்கு ஸ்டியரிங் பிடிக்க ஏலல்ல." வெள்ளிக்கிழமை அக்கா முதலாளியுடைய மருமகனைப் பற்றிப் பேச ஆரம்பித்து, தோட்டத்துக் கேட் வரும்வரை நிறுத்தவில்லை. கூலியில்லாமல் பயணம் போகிறவர்கள் நாங்கள். வேலையில் குறை வைக்கலாமா?

நேற்றுக் காலை போய்ப் பார்த்தால், லாரியின் பேட்டரிப் பெட்டி திறந்து கிடந்தது. முதலாளி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிரான்சிஸிடம் சொன்னார்:

"அந்தக் கேபிளைக் கழட்டி வையப்பா. இவங்க தள்ளியே வரட்டும். மூச்சு வாங்குனாலாவது வாய் மூடும்."

தள்ளினோம். மூச்சு வாங்கியது. வாய் மூடவில்லை.